ஹைலக்ஸுக்கு 9,500 பவுண்டு வின்ச் போதுமா? மூன்று ஆண்டு அனுபவம்

சிங்கப்பூரில் வண்டியைச் சேற்றில் இறக்க இடம் ஏது? எங்கள் டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப் வண்டி மலேசியாவின் ஜொகூர் பாருவில் மச்சான் வீட்டில் நிற்கிறது. மாதம் ஒருமுறை உட்லண்ட்ஸ் எல்லைச் சாவடி வழியாகப் போய், கோத்தா திங்கி பக்கம் செம்பனைத் தோட்டப் பாதைகளில் ஓட்டுவோம். மூன்று ஆண்டுக்கு முன்பு அதன் முன்பக்கம் 9,500 பவுண்டு எடை இழுக்கும் வின்ச் பொருத்தினோம். மோட்டாரால் கயிற்றை உருளையில் சுற்றி, சிக்கிய வண்டியை இழுத்தெடுக்கும் கருவி அது.

ஆள், தண்ணீர், சாமான் எல்லாம் ஏறினால் வண்டி ஏறத்தாழ 2,800 கிலோ. வின்ச்சின் இழுவை வண்டி எடையைப் போல ஒன்றரை மடங்கு இருக்க வேண்டும் என்பார்கள், அதாவது 4,200 கிலோ. 9,500 பவுண்டு என்பது சுமார் 4,300 கிலோ. சரி, போதும் என்று நினைத்தோம்.

அந்த டிசம்பர் மழையில் வண்டி சேஸிஸ் வரை புதைந்தது. எட்டு மீட்டரில் ஒரு மரம். அதில் இழுவைப் பட்டையைச் சுற்றி, வின்ச் கயிற்றின் கொக்கியை மாட்டி இழுத்தோம். ஒரு சாண் நகர்ந்தது. அப்புறம் மோட்டார் முனகியது, முன்விளக்கு மங்கியது, கயிறு விறைத்து நடுங்கியது. “மச்சான், நிறுத்துங்க!” என்று கத்தினேன்.

வின்ச்சில் அச்சடித்திருக்கும் இழுவை அளவு, உருளையில் ஒரே அடுக்குக் கயிறு இருக்கும்போது மட்டும் கிடைப்பது. மேலே ஒவ்வோர் அடுக்கு ஏறும்போதும் இழுவை 10 விழுக்காட்டுக்கு மேல் குறையும். மரம் பக்கத்தில் இருந்ததால் பாதிக் கயிறுகூட வெளியே வரவில்லை, உருளையில் பல அடுக்கு மிச்சம் இருந்தது. சேறோ வண்டியை உறிஞ்சிப் பிடித்திருந்தது.

மரத்தில் கப்பியை மாட்டி, கயிற்றின் முனையை வண்டிக்கே திருப்பிக் கட்டினோம். இழுவை கிட்டத்தட்ட இரட்டிப்பானது, வேகம் பாதியானது. வண்டி அங்குலம் அங்குலமாக ஏறி வந்ததைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

போன ஆண்டு 12,000 பவுண்டுக்கு மாறினோம். இந்த அளவு வண்டிக்கு இதுதான் சரி என்பது என் கருத்து. சுசுகி ஜிம்னி மாதிரிச் சின்ன வண்டி வைத்திருப்பவர்கள் இவ்வளவு பெரிதாக வாங்க வேண்டாம். முழுச் சுமையோடு மூன்று கதவு ஜிம்னி 1,435 கிலோதான், 6,000 பவுண்டே தாராளம். வீண் பாரம் முன் ஸ்பிரிங்கைத்தான் அழுத்தும். எதுவானாலும் கப்பி ஒன்று கட்டாயம் வையுங்கள். இழுக்கும்போது எஞ்சின் ஓடட்டும், இல்லாவிட்டால் பேட்டரி படுத்துவிடும்.

எடை குறையட்டும் என்று இம்முறை கம்பிக்குப் பதில் செயற்கை இழைக் கயிறு போட்டோம். இழைகளைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே மணல் மணலாக இருக்கும். அதுவே கயிற்றை அறுக்கும். ஒவ்வொரு பயணம் முடிந்ததும் மச்சான் வீட்டுப் பின்கட்டில் வாளித் தண்ணீரில் அலசி, நிழலில் காயவைத்த பிறகுதான் சுற்றுகிறோம்.