சென்னையில் அறையா, தென்காசியில் வீடா? கீமோவுக்கு நடுவே அந்த இருபது நாள்

அம்மாவுக்கு லிம்போமா, ரத்தப் புற்றில் ஒரு வகை. ஆர்-சாப் என்ற கீமோ மருந்துக் கூட்டு, 21 நாளைக்கு ஒரு முறை, மொத்தம் ஆறு சுற்று. மருந்து ஏற ஒரு நாள் போதும். மிச்ச இருபது நாளை எங்கே கழிப்பது? முதல் இரண்டு சுற்றுக்குச் சென்னையில் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே அறை எடுத்தோம். மூன்றாவதிலிருந்து தென்காசி வீடு. காய்ச்சல் அளவு, ரத்த ரிப்போர்ட் எல்லாம் வாட்ஸ்அப்பில் நர்ஸுக்குப் போய்விடும். என் ஓட்டு வீட்டுக்குத்தான்.

செலவில் பேச்சே இல்லை. அறை வாடகை நாளுக்கு 700, ஒரு சுற்றுக்கு 14,700. சாப்பாடும் நான் போட்ட லீவும் தனி. வீட்டில் 250 ரூபாய் தெர்மாமீட்டர், வாரம் இரண்டு சிபிசி, அதாவது ரத்த அணுக்களை எண்ணும் டெஸ்ட். ரயிலில் புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் கட்டணமில்லை, துணைக்குப் போகிறவருக்கு 75% சலுகை. ஆஸ்பத்திரியில் படிவம் வாங்கிவிட வேண்டும். அம்மா கணக்கு வேறு: “ஏல, இந்தப் பொந்துக்குள்ள கெடந்தா இன்னொரு சீக்கு வந்துரும்.”

நோயாளியை வீட்டில் வைத்தே தூரத்திலிருந்து கண்காணிக்க, உடம்பில் ஒட்டும் பட்டை, மாதச் சந்தா என்று விற்கும் பேக்கேஜ்களை விலை கேட்டதோடு சரி. பயன்படுத்தாததைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

ஆனால் வீடு என்று முடிவெடுக்கும் முன் ஒரு விஷயத்தைத் தீர்த்தே ஆகவேண்டும். மருந்து ஏறிய ஏழாம் நாளிலிருந்து பதினாலாம் நாள் வரை வெள்ளை அணுக்கள் தரைதட்டும். அதில் கிருமியோடு மோதும் நியூட்ரோபில் அணுக்களின் எண்ணிக்கை 500க்குக் கீழே இருக்கும்போது காய்ச்சல் 101 தொட்டாலோ, 100.4 ஒரு மணி நேரம் நின்றாலோ அவசரம். ஆஸ்பத்திரியில் கால் வைத்த ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் நரம்பில் ஏறியாக வேண்டும். ராத்திரி ரெண்டு மணிக்கு வாட்ஸ்அப் ஊசி போடாது. ஆகவே போனில் யார் பார்க்கிறார்கள் என்பதைவிட, வாசலிலிருந்து டிரிப் வரை எத்தனை நிமிஷம் என்பதே பெரிய கேள்வி.

சென்னை டாக்டரிடம் அந்த ஆன்டிபயாடிக்கின் பெயர், அளவோடு ஒரு கடிதம் வாங்கி லேமினேட் போட்டு, ஊரில் இரண்டு ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போனேன். ஒரு இடத்தில், “வாங்க, பாத்துக்கலாம்” என்றார்கள். இன்னொரு இடத்தில் கேஷுவாலிட்டி டாக்டர் பார்மசிக்கு ஆள் அனுப்பி, அந்த ஊசி இரண்டு டோஸ் இருப்பதை எடுத்துவரச் சொல்லிக் காட்டினார். இரண்டாவதைத்தான் வைத்துக்கொண்டோம்.

நாலாவது சுற்று, பதினோராம் நாள், ராத்திரி ஒன்றரை. அம்மா கை கொதித்தது, தெர்மாமீட்டரில் 101.2. பத்து மணிக்கே குளிர் எடுத்திருக்கிறது. என்னை எழுப்ப மனசில்லாமல் ஒரு டோலோவைப் போட்டுப் படுத்திருக்கிறாள். காய்ச்சல் மூன்று மணி நேரம் டோலோவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. கடிதத்தோடு போனோம், 2.20க்கு டிரிப் ஏறியது. காலை ரிப்போர்ட்டில் மொத்த வெள்ளை அணு 1,900, நியூட்ரோபில் 20%. பெருக்கினால் 380. சென்னை நர்ஸ் செய்தியைப் பார்த்தது காலை ஏழு மணிக்கு. ராத்திரியில் அந்த எண்ணில் ஆள் இருக்காது என்று முன்பே சொல்லித்தான் இருந்தார்கள். ஐந்து நாள் அட்மிஷன். அதன்பிறகு டோலோ அட்டை என் சட்டைப் பையில். தலைவலி என்றாலும் முதலில் தெர்மாமீட்டர்.

இதை எல்லா ரத்தப் புற்றுக்கும் நீட்ட மாட்டேன். சிஎம்எல் என்பது மெதுவாக வளரும் ரத்தப் புற்று; தினமும் மாத்திரை போடும் அந்த நோயாளி நோய் கட்டுக்குள் வந்தபின் மூன்று மாதத்துக்கொரு முறை பிசிஆர் என்ற ரத்தப் பரிசோதனை பார்க்கிறார். அவருக்கு இந்த ஏற்பாடெல்லாம் தேவைப்படாது. சென்னையில் எங்கள் பக்கத்து அறையில் இருந்த பையனுக்கு அக்யூட் லுகேமியா, வேகமாக வளரும் ரத்தப் புற்று. பிளேட்லெட் 10,000க்குக் கீழே இறங்கும்போதெல்லாம் ஏற்ற வேண்டும், அதற்கு ரத்த வங்கி கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். “நாங்களும் ஊருக்குப் போயிரட்டுமாண்ணே?” என்று அவன் அக்கா கேட்டபோது, டாக்டரைக் கேளுங்கள் என்பதற்கு மேல் நான் வாய் திறக்கவில்லை.