தினம் இருபது நிமிடம் ஆங்கிலம்: எதற்குக் கொடுப்பது?

ஒரு நாளைக்கு இருபது நிமிடம்தான் தேறும் என்று வைத்துக்கொள்வோம். அந்த இருபது நிமிடத்துக்கு மொழிச் செயலி, சொல் அட்டை, ஒலிப்பதிவு, செய்தித்தாள், நாட்குறிப்பு, பேச்சுத் துணை என்று ஒரு வரிசையே காத்து நிற்கிறது. எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் தொட்டுக்கொள்ளலாமே என்றால், ஒன்றுக்கு மூன்று நிமிடம்தான் மிஞ்சும். அதனால் எல்லாவற்றிடமும் ஒரே கேள்வியைக் கேட்டுப் பார்க்கிறேன்: அந்த நேரத்தில் ஆங்கில வாக்கியத்தை உண்டாக்குவது யார்? நீங்களா, அதுவா?

'முப்பதே நாளில் சரளம்' வகையை முதலிலேயே கழித்துவிடலாம். ஐரோப்பிய மொழித்தர அளவுகோலில் பி1 நிலையிலிருந்து பி2 நிலைக்குப் போக, அதாவது அன்றாடப் பேச்சைச் சமாளிப்பவர் வேலையிடத்தில் தடுமாறாமல் பேச, ஏறத்தாழ 150 முதல் 200 மணி நேரப் படிப்பு தேவை என்பது கேம்பிரிட்ஜ் தேர்வு அமைப்பின் கணக்கு. தினம் இருபது நிமிடம் என்றால் ஓராண்டில் சேர்வது சுமார் 120 மணி நேரம். ஆக, ஒரு படி ஏறவே ஒன்றரை ஆண்டு வாக்கில் ஆகும். அத்தனை நாள் சலிக்காமல் செய்யக்கூடிய வழியா என்பதையும் பார்த்தாக வேண்டும்.

சலிக்காமல் செய்ய வைப்பதில் செயலியை அடித்துக்கொள்ள ஆளில்லை. 2012-இல் பொதுப் பயன்பாட்டுக்கு வந்த டியோலிங்கோவின் பெரிய பலமே, தொடர் நாள் கணக்கு அறுந்துவிடுமே என்று நம்மைப் பதற வைப்பதுதான். ஆனால் என் கேள்வியில் அது தோற்றுவிடுகிறது. கலைந்து கிடக்கும் சொற்களை வரிசைப்படுத்து, தரப்பட்டவற்றில் சரியானதைத் தொடு என்று போகும் பயிற்சிகளில் விடை ஏற்கெனவே திரையில் இருக்கிறது. எதிரே ஒருவர் நின்று கேள்வி கேட்கும்போது நம் கண்ணுக்குக் கீழே சொற்கள் கட்டம் கட்டி வந்து நிற்பதில்லை. தொடக்க மாதங்களுக்குச் செயலி நல்ல துணை. அதற்குப் பிறகும் பழைய எளிய பாடத்தையே தட்டிக்கொண்டு கணக்கைக் காப்பாற்றுவது ஆங்கிலத்துக்குச் செய்யும் உதவி அல்ல, செயலிக்குச் செய்யும் உதவி.

சொல் அட்டைகளின் பின்னால் உறுதியான அடிப்படை இருக்கிறது. ஜெர்மானிய உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹாஸ் தன்னையே சோதனைக்கு உட்படுத்தி, மறதி எவ்வளவு வேகமாக வருகிறது என்பதை 1885-இல் வெளியிட்டார். ஒரே மூச்சில் உருப்போடுவதைவிட இடைவெளி விட்டுத் திரும்பிப் பார்ப்பது நிற்கும் என்பதும் அவர் கண்டதே. 2006-இல் வந்த அங்கி செயலி அந்த இடைவெளியை நமக்காகக் கணக்கிட்டுத் தருகிறது. கோளாறு, அட்டையில் நாம் எழுதும் விதத்தில் இருக்கிறது. ஒரு பக்கம் 'டிஸ்கஸ்', மறுபக்கம் 'விவாதி' என்று எழுதி வைத்தவர், பேசும்போது தேவையில்லாத 'அபௌட்'டைச் சேர்த்து 'டிஸ்கஸ் அபௌட் தி ப்ராப்ளம்' என்றே சொல்வார். 'லெட்ஸ் டிஸ்கஸ் தி ப்ராப்ளம்' என்று முழு வாக்கியமாக எழுதி, நடுச்சொல்லை மறைத்து வைத்தால் அந்த 'அபௌட்' தானாக உதிர்ந்துவிடும். அப்படியும், அட்டைக்கு ஐந்து நிமிடத்துக்கு மேல் நான் தர மாட்டேன்.

செய்தித்தாளைச் சத்தமாகப் படி என்பது காலங்காலமாகப் பெரியவர்கள் சொல்லும் அறிவுரை. எனக்கு இதில் உடன்பாடில்லை. தலைப்புச் செய்திகள் 'ஏ', 'தி' எல்லாவற்றையும் விழுங்கிவிடும், நேற்று நடந்ததை நிகழ்காலத்தில் சொல்லும். நாம் எங்கே தடுக்கி விழுகிறோமோ, சரியாக அந்த இடங்களில் அது பேச்சிலிருந்து விலகி நிற்கிறது. வாசிப்பு வேண்டுமென்றால் தரம் பிரித்து எளிமையாக்கிய கதைப் புத்தகங்கள் மேல்.

காதுக்கு வருவோம். கற்பவர்களுக்கென்றே மெதுவாக வாசிக்கும் ஒலிபரப்பு புதிதல்ல. வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா 1959-இலேயே ஏறத்தாழ 1,500 சொற்களுக்குள் அடங்கும் எளிய ஆங்கிலச் செய்தியைத் தொடங்கியது. பிபிசியின் ஆறு நிமிட ஆங்கில நிகழ்ச்சியும் கற்பவர்களுக்கானதுதான். வெறுமனே கேட்டால் இதுவும் என் கேள்வியில் தோற்கும். படத்தைத் திரைக்கு அடியில் ஓடும் வசன எழுத்தோடு பார்ப்பதிலும் ஆபத்து உண்டு, கண் படித்துவிடுவதால் காது தூங்கிவிடலாம்.

கேட்டதை அரை நொடி பின்னால் தொடர்ந்து, அதே வேகத்தில் வாயால் சொல்லிக்கொண்டே போவதுதான் ஆட்டத்தை மாற்றுகிறது. 'ஐ ஷுட் ஹாவ் டோல்ட் யூ' என்ற வாக்கியத்தை எடுங்கள். நாம் ஐந்து சொல்லுக்கும் சமமாக அழுத்தம் கொடுப்போம். பதிவில் இருப்பவரோ 'ஐ ஷுடவ் டோல்ட் யூ' என்று 'ஹாவ்'-ஐ ஏறக்குறைய காணாமல் அடித்து, 'டோல்ட்'டில் மட்டும் குரலை ஊன்றுகிறார். ஆங்கிலப் பேச்சு புரியவில்லை என்பவர்களுக்குப் பல நேரம் சொல் தெரியாததல்ல சிக்கல், தெரிந்த சொல்லே இப்படிச் சுருங்கி வருவதுதான். வாய் அதைச் செய்து பழகினால் காதுக்கும் பிடிபடுகிறது. முப்பது நொடிப் பதிவு ஒன்று வாரம் முழுவதற்கும் போதும். முதலில் எழுத்து வடிவத்தைப் பார்த்து, பிறகு பார்க்காமல், கடைசியில் உங்கள் குரலைக் கைபேசியில் பதிந்து இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். உங்கள் குரலைக் கேட்கக் கொஞ்சம் கூசும்தான்.

ஒரு குறை உண்டு. இங்கே வாய் உங்களுடையது, வாக்கியம் இன்னொருவருடையது. அந்தக் குறையை எழுத்து தீர்க்கும். அன்று நடந்ததைப் பற்றி மூன்று வரி போதும். 'ஐ ஆம் லிவிங் ஹியர் சின்ஸ் ஃபைவ் இயர்ஸ்' என்று எழுதினால், செயற்கை நுண்ணறிவு உரையாடியிடம் கொடுத்து, பிழை இருக்கும் இடத்தை மட்டும் காட்டு, திருத்தாதே என்று கேளுங்கள். 'ஐ ஹாவ் பீன் லிவிங் ஹியர் ஃபார் ஃபைவ் இயர்ஸ்' என்பதை நீங்களே தேடி எழுத வேண்டும். முழுவதையும் மெருகேற்றித் தரச் சொன்னால் வருவது அழகாக இருக்கும், ஆனால் உங்களுடையதாக இருக்காது.

ஆளோடு பேசுவதற்கு இணை எதுவுமில்லை. ஆனால் அது இன்னொருவரின் நேரத்தை நம்பியிருக்கிறது. தினமும் என்று ஆரம்பித்தால் ஒரு மாதத்தில் ஓய்ந்துவிடும், வாரம் ஒருமுறை என்றால் நிற்கும்.

ஆகவே என் பங்கீடு: பின்தொடர்ந்து பேசுவதற்குப் பன்னிரண்டு நிமிடம், எழுத்துக்கு எட்டு. அட்டைகளை எங்காவது காத்திருக்கும்போது புரட்டிக்கொள்ளலாம். எழுத்துத் தேர்வுக்குத் தயாராகிறவர்கள் இந்தப் பங்கை அப்படியே திருப்பிப் போடலாம். ஆங்கிலம் என்றாலே வாய் பூட்டிக்கொள்கிறவர்கள், எழுத்தைச் சில வாரம் தள்ளிவைத்துவிட்டு இருபது நிமிடத்தையும் அந்த முப்பது நொடிப் பதிவுக்கே கொடுக்கலாம்.