வெயிட் ஸ்டேக்ல ஒட்டுற ரெப் சென்சார், கூடவே அதோட ஆப்: என் ரிவ்யூ

ஜிம் மெஷின்ல ரெப் (ஒரு தடவ தூக்கி இறக்குனா ஒரு ரெப்) எண்றதுக்கு ஓகே, ஆனா எவ்ளோ தூக்கினோம்னு இது சொல்றத அப்படியே நம்பாதீங்க.

காந்தம் வெச்ச குட்டி டப்பா, ஸ்டேக்கோட (மெஷின்ல அடுக்கி வெச்சிருக்கற வெயிட் ப்ளேட்டுங்க) மேல் ப்ளேட்ல ஒட்டிட்டா அது ஏறி இறங்குறத வெச்சு ரெப், இறக்குற ஸ்பீடு, ரெஸ்ட் டைம் எல்லாம் கரெக்டா எடுத்துக்குது, அதுல குறையே இல்ல. ஆனா எத்தன ப்ளேட் தூக்கணும்னு செலக்ட் பண்ண நாம சொருகற பின் எந்த ஓட்டைல இருக்குன்னு அதுக்குத் தெரியாது, அத நாமதான் டைப் பண்ணணும். ப்ளேட் மேல எழுதியிருக்கறது பவுண்டா கிலோவான்னு பாத்துட்டு போடுங்க, 100 பவுண்டுன்னா 45 கிலோ சொச்சம்தான்.

எனக்குக் கடுப்பானது எங்கன்னா, "கேபிள் ரோ"ன்னு (கேபிள நம்ம பக்கம் இழுக்கற எக்சர்சைஸ்) பேரு ஒண்ணா இருந்தா எந்த மெஷின்ல பண்ணாலும் ஒரே கிராஃப்ல போட்டுடுது. ஒரு மெஷின்ல புல்லி 1க்கு 1, அதாவது ஸ்டேக்ல வெச்ச வெயிட் அப்படியே கைக்கு வரும், பக்கத்துல இருக்கறதுல 2க்கு 1, அங்க 40 கிலோ வெச்சா கைக்கு வர்றது சுமார் 20தான். கிராஃப பாத்தா ஒரே வாரத்துல பலம் டபுளான மாதிரி இருக்கும், கேக்க நல்லாத்தான் இருக்கு! இத கண்டுபிடிக்க ஆப்லாம் வேணாம், ஹேண்டில இழுக்கற தூரத்துல பாதிதான் ஸ்டேக் ஏறுதுன்னா அது 2க்கு 1, அவ்ளோதான். 45 டிகிரி லெக் ப்ரெஸ்லயும் இதே கததான், 100 கிலோ ப்ளேட் போட்டா சரிவுல நம்ம கால் மேல வர்றது கிட்டத்தட்ட 70, அதுக்கு மேல ஸ்லெட்டோட (ப்ளேட் மாட்டி காலால தள்ளற பாகம்) வெயிட் வேற இருக்கு, உராய்வு வேற. ஸ்மித் மெஷின் (ரெயில்ல ஏறி இறங்குற பார் இருக்கற மெஷின்) பாரும் எல்லா இடத்துலயும் 20 கிலோ இல்ல, சிலதுல பாரோட பாரத்த குறைக்கற கவுண்டர்வெயிட் மாட்டியிருப்பாங்க.

அதனால நான் இப்ப ஒவ்வொரு மெஷினையும் தனி எக்சர்சைஸா சேவ் பண்ணிடறேன், "ஜன்னலோர ரோ, சீட் 4"ங்கற மாதிரி. சீட் நம்பர் நோட் பண்ண தனி இடம் குடுத்திருக்காங்க, அதுக்காகவே இவங்களுக்கு ஒரு சல்யூட், ஏன்னா சீட் மாறினா அதே வெயிட் கூட வேற மாதிரி இருக்கும்.

சேஃப்டி: சென்சார் ஒட்டறது எடுக்கறது எல்லாம் ஸ்டேக் முழுசா கீழ உக்காந்த அப்புறம்தான், யாராவது செட் பண்ணிட்டு இருக்கும்போது ஸ்டேக்குக்குள்ள கை விடவே கூடாது. பின் முழுசா உள்ள போயிருக்கான்னு ஒரு தடவ தள்ளிப் பாருங்க. மெஷினோட பின் காணோம்னு போல்ட்ட சொருகற ஆளுங்க இருக்காங்க, தயவுசெஞ்சு வேணாம்.

அப்புறம் புது மெஷினுக்கு மாறின உடனே பழைய மெஷின் நம்பர வெச்சு "இன்னிக்கு இவ்ளோ ஏத்து"ன்னு ஆப்பே சஜஸ்ட் பண்ணுது பாருங்க, 2க்கு 1ல இருந்து 1க்கு 1க்கு போறவனுக்கு அது நேரா தோள்பட்டைக்கு ஆப்பு. செட்டிங்ஸ்ல ஆட்டோ சஜஷன்னு இருக்கும், வாங்கின உடனே அத ஆஃப் பண்ணிடுங்க. மத்தபடி 5க்கு 3 குடுப்பேன்.