மூன்று மாத லாயர்: ஓர் இலவச சட்ட உதவி மைய அனுபவம்

கோலாலம்பூரில் ஓர் இலவச சட்ட உதவி மையத்துக்கு அக்காவைக் கூட்டிக்கொண்டு நாலு தடவை போய் வந்தேன். பெயர் சொல்லப்போவதில்லை, குறையும் எழுத வேண்டியிருக்கிறது.

அக்கா செந்தூல் பக்கம் ஒரு துப்புரவுக் கம்பெனியில் சூப்பர்வைசர். ஒன்பது வருஷம் உழைத்தவளுக்கு வாட்ஸ்அப்பில் ஒரே வரி: 'நாளையிலிருந்து வரவேண்டாம்.' அழுது, மேனேஜரிடம் கெஞ்சி, கோயிலுக்கு நேர்ந்துகொண்டு என்று நாள் ஓடியதில், மையத்துப் படி ஏறும்போது 41ஆம் நாள். 1967ஆம் ஆண்டு தொழில் உறவுச் சட்டத்தின் 20ஆம் பிரிவுப்படி, வேலை நீக்கப்பட்டு 60 நாளுக்குள் வேலையைத் திரும்பக் கேட்டு மனு கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் அவ்வளவுதான். இது எங்கள் வீட்டில் ஒருத்தருக்கும் தெரியாது.

எங்களுக்குக் கிடைத்தவர் மையத்து ஆள் இல்லை. ஒரு பெரிய லா ஃபர்ம் தன் லாயரை மூன்று மாதத்துக்கு இங்கே அனுப்பியிருந்தது, சம்பளம் அங்கேயே. அமெரிக்காவில் பெரிய ஃபர்ம்கள் இப்படிச் செய்வதுண்டு. நம் ஊரில் பெரும்பாலும் சேம்பரிங் பிள்ளைகளும் (லாயராவதற்கு முன் பயிற்சியில் இருப்பவர்கள்), சொந்த வேலைக்கு நடுவே நேரம் ஒதுக்கி வரும் லாயர்களும்தான் இந்த மையங்களைத் தாங்குகிறார்கள். போதாததற்கு லாயர்கள் ஆளுக்கு வருஷம் 100 வெள்ளி (ரிங்கிட்) வேறு இதற்குக் கட்டுகிறார்கள், அதுவும் அன்றுதான் தெரிந்தது.

"நான் கம்பெனி வாங்குற விற்கிற பத்திரம் எழுதுறவ, லேபர் கேஸ் எனக்குப் புதுசுக்கா" என்று உட்கார்ந்ததுமே சொல்லிவிட்டார். எனக்குப் பக்கென்றது. ஆனால் பத்திரம் எழுதுகிற கை என்பது சும்மா இல்லை. பே ஸ்லிப், இ.பி.எஃப். (ஊழியர் சேமநிதி) கணக்கு, வாட்ஸ்அப் எல்லாவற்றையும் தேதி வாரியாக ஒரே தாளில் இறக்கினார். சந்தேகம் வந்த இடத்தில் எழுந்து போய் மையத்து சீனியரைக் கேட்டுவிட்டு வந்தார், தெரிந்ததுபோல் நடிக்கவில்லை. மனு கொடுத்த பிறகு கம்பெனியோடு நடக்கும் சமரசப் பேச்சில் லாயர் பக்கத்தில் உட்கார முடியாது என்பதால், "அவங்க ஒரு தொகை சொன்னா உடனே தலையாட்டாதீங்க மிஸ்" என்று அக்காவை அரை மணி நேரம் பழக்கினார். (அக்காவை யாராவது மிஸ் என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.) மனு 52ஆம் நாள் உள்ளே போனது.

சமரசம் ஆகவில்லை. அப்படி ஆகாத கேஸ்களை 2021 முதல், முன்புபோல் அமைச்சரிடம் போகாமல் நேராகத் தொழில் நீதிமன்றத்துக்கு அனுப்பிவிடுகிறார்கள், அந்த வரைக்கும் நல்லது. ஆனால் அதற்குள் மூன்று மாதம் முடிந்து அந்தப் பெண் ஃபர்முக்குத் திரும்பிவிட்டார்.

என் புகார் இங்கேதான். அடுத்து வந்த பையன் ஃபைலைப் புரட்டிவிட்டு, "ஆரம்பத்துலேர்ந்து சொல்லுங்க" என்றார். அந்த ஒற்றைத் தாள் ஃபைலில் இல்லை! என் போனில் படம் எடுத்து வைத்திருந்ததால் தப்பித்தோம். அக்காவுக்கு இப்போது நாள் கூலி வேலை, ஒவ்வொரு தடவை வரும்போதும் அன்றைய சம்பளம் போச்சு. ஆளை இரவல் கொடுப்பதும் வாங்குவதும் சரி, போகிறவர் வருகிறவரோடு ஒரு வாரமாவது சேர்ந்து உட்கார வேண்டாமா?

ஐந்துக்கு மூன்றரை. காசு ஒரு சென் வாங்கவில்லை, மரியாதையாக நடத்தினார்கள்.

இப்போது இருக்கும் பையனும் டிசம்பரில் கிளம்புகிறாராம். அக்கா அந்தத் தாளை நாலு நகல் எடுத்து, ஒன்றை லேமினேட் பண்ணி வைத்திருக்கிறாள்.