பேர்ன் டிக்கெட்: ஏற்றத்துக்கு வண்டி, இறக்கத்துக்கு நடை

சுவிட்சர்லாந்தின் பேர்ன் நகரில் ஓர் இரவு தங்கினாலே போதும், உள்ளூர் பஸ், டிராம், புறநகர் ரயில் எதற்கும் தனியாகக் காசு கொடுக்க வேண்டாம். ஹோட்டல், யூத் ஹாஸ்டல், கூடாரம் போடும் கேம்பிங் திடல் என எங்கே தங்கினாலும் ‘பேர்ன் டிக்கெட்’ கிடைக்கும். தங்கும் நாள்கள் முழுவதும், பேர்ன் வட்டாரப் போக்குவரத்தின் பொதுவான கட்டண அமைப்பான லிபெரோவின் 100, 101 ஆகிய இரு வலயங்களுக்குள் இரண்டாம் வகுப்பில் எத்தனை முறை வேண்டுமானாலும் ஏறி இறங்கலாம். வந்து இறங்கும் நாளில், தங்குமிடம் போய்ச் சேரும் வரை முன்பதிவு உறுதிக் கடிதமே பயணச்சீட்டு. அதை போனில் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். பரிசோதகர் கேட்கும்போது மின்னஞ்சலில் தேடினால் பதற்றம்தான் மிஞ்சும். இந்த டிக்கெட்டின் செலவு நீங்கள் கட்டும் தங்கல் வரியில் அடங்கியிருக்கிறது. ஆகவே தனியார் வீட்டில் தங்குகிறவர்களும் வீட்டுக்காரரிடம் தயங்காமல் கேட்க வேண்டும்.

இதை வைத்து எங்கே ஏறுவது, எங்கே நடப்பது என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். பழைய நகரம், ஆரே ஆறு வளைந்து மூன்று பக்கமும் சூழ்ந்த ஒரு மேடு. ரயில் நிலையத்திலிருந்து மறுமுனையிலுள்ள கரடிப் பூங்கா வரை ஒன்றரை கிலோமீட்டருக்குள்தான். வழி நெடுக வளைவுக் கூரையிட்ட நடைபாதைகள், மொத்தம் சுமார் 6 கிலோமீட்டர். மழை பெய்தாலும் நனையாமல் நடக்கலாம். காலை நோகடிப்பது தூரமல்ல, மேடும் பள்ளமும்தான். ஆற்றங்கரை கீழே, நகரம் மேலே, எதிர்க்கரையிலுள்ள ரோஜாத் தோட்டம் அதற்கும் மேலே. அதனால் ஏறுவதற்கு மட்டும் வண்டியைப் பிடித்து, இறங்குவதை நடந்தே முடிப்பது நல்லது.

முதல் சுற்றுக்கு 10ஆம் எண் பஸ். நிலையத்துக்கு வெளியே, ஓஸ்டர்முண்டிகன் பக்கம் போகும் வண்டியில் ஏறி, கோர்ன்ஹவுஸ் பாலம் தாண்டி, ‘ரோசன்கார்ட்டன்’ நிறுத்தத்தில் இறங்குங்கள். ரோஜாத் தோட்டத்துக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. ஆற்றின் வளைவும், ஓட்டுக் கூரைகளும், 100 மீட்டர் உயரத் தேவாலயக் கோபுரமும் ஒரே பார்வையில் தெரிவது இங்கிருந்துதான். அங்கிருந்து கருங்கல் பாவிய சரிவுப் பாதையில் பத்து நிமிடத்துக்குள் கரடிப் பூங்காவுக்கு இறங்கிவிடலாம். முதலில் கரடியைப் பார்த்துவிட்டுத் தோட்டத்துக்கு ஏறுகிறவர்கள் இதே சரிவில் மூச்சு வாங்க நிற்பார்கள். குழந்தை வண்டியோ முழங்கால் வலியோ இருந்தால் இந்த வரிசையை மாற்றவே கூடாது.

கரடிப் பூங்காவின் வாசலில் 12ஆம் எண் பஸ் நிற்கும். ஒரு திசையில் அதன் கடைசி நிறுத்தம் ஓவியர் பால் கிளே மையம்: ரென்சோ பியானோ வடிவமைத்து 2005இல் திறந்த, மூன்று அலைகள் போன்ற கட்டடம். அருங்காட்சியகத்துக்குத் திங்கட்கிழமை விடுமுறை. மறு திசையில் அதே பஸ் நீடெக் பாலம் ஏறி, பழைய நகரின் நடுத்தெரு வழியே நிலையத்துக்கு வந்து லெங்காஸ் பக்கம் போகும். ஐன்ஸ்டைன் 1903 முதல் 1905 வரை குடியிருந்த கிராம்காஸ் 49ஆம் எண் வீடு இந்தத் தெருவில்தான். இரு திசைக்கும் எண் 12 என்பதால், ஏறும் முன் முகப்பில் உள்ள ஊர்ப்பெயரைப் படியுங்கள்.

சிட்குளொக்கே மணிக்கூட்டுக் கோபுரம்தான் தடங்கள் பிரியும் இடம். 9ஆம் எண் டிராமும் 10ஆம் எண் பஸ்ஸும் வடக்கே கோர்ன்ஹவுஸ் பாலத்துக்குத் திரும்பும். 6, 7, 8 டிராம்கள் தெற்கே கிர்கென்ஃபெல்ட் பாலம் கடந்து ஹெல்வேசியாபிளாட்ஸ் போகும். வரலாற்று அருங்காட்சியகமும் ஆல்ப்ஸ் அருங்காட்சியகமும் அங்கே எதிரெதிரே இருக்கின்றன. கோபுரத்தின் பொம்மைகள் ஆடத் தொடங்குவது மணி அடிப்பதற்குச் சுமார் 4 நிமிடம் முன்பு. சரியாக மணிக்கு வந்து சேர்ந்தால் முடிவைத்தான் பார்ப்பீர்கள்.

பேர்னின் சிறு வண்டிகள் இரண்டும் எனக்கு மிகவும் பிடித்தவை. நாடாளுமன்றக் கட்டடத்தின் அருகிலிருந்து ஆற்றங்கரைக்கு இறங்கும் மார்சிலி ரயில், பழனி விஞ்ச் போலக் கம்பிவடத்தில் ஓடுவது. பாதையின் நீளம் வெறும் 105 மீட்டர். 1885இல் திறந்தது, ஒரு நூற்றாண்டுக்குச் சற்றுக் குறைவான காலம், மேல் பெட்டியில் தண்ணீர் நிரப்பி, அந்த எடையால் கீழ்ப் பெட்டியை மேலே இழுத்தார்கள். 1970களில்தான் மின்சாரம் வந்தது. மற்றொன்று, மூன்ஸ்டர் தேவாலயத்தின் பக்கத்துத் திடலிலிருந்து கீழே மட்டே பகுதிக்குப் போகும் மின்தூக்கி. அது 1897 முதல் ஓடுகிறது, இயக்க ஆள் இருப்பார். இரண்டும் பேர்ன் டிக்கெட்டில் அடங்கும். ஆனால் மார்சிலி ரயில் இரவு 9 மணியோடு நின்றுவிடும், மின்தூக்கி அதற்கும் முன்பே. ஆற்றங்கரையில் இரவுச் சாப்பாடு என்றால், படியேறித் திரும்ப வேண்டியிருக்கும்.

குர்ட்டன் மலைக்கு 9ஆம் எண் டிராம், வாபெர்ன் திசை, ‘குர்ட்டன்பான்’ நிறுத்தம். சில நிமிடம் நடந்தால் கம்பிவட ரயில், அதில் ஐந்து நிமிடத்தில் 858 மீட்டர் உயர உச்சி. இதுவும் டிக்கெட்டில் சேரும் என்பதே பேர்ன் டிக்கெட்டின் பெரிய லாபம். ஐகர், மோங்க், யுங்ஃபிராவ் சிகரங்கள் தெரிவது வானிலையைப் பொறுத்தது. நகரில் மூடுபனி என்பதற்காக விட்டுவிடாதீர்கள், குளிர்காலத்தில் பனி பள்ளத்தில் தேங்கி மேலே வெயில் அடிப்பது உண்டு. கிளம்பும் முன் உச்சியின் நேரலைக் கேமராவைப் பாருங்கள். ஜூலையில் நடக்கும் குர்ட்டன் இசை விழாவின்போது மட்டும் வேறு நாள் தேர்ந்துகொள்ளுங்கள், மலை முழுவதும் விழாக் கூட்டம்தான்.

தமிழ் வாசகர்கள் விடக்கூடாத இடம் ஒன்று மேற்கே இருக்கிறது. 7 அல்லது 8 டிராமில், அல்லது புறநகர் ரயிலில் ஒரு சில நிமிடத்தில், ஐரோப்பாபிளாட்ஸ். அங்கே 2014 டிசம்பரில் திறந்த ‘மதங்களின் இல்லம்’ ஒரே கூரையின் கீழ் மசூதி, தேவாலயம், பௌத்த மையம், துருக்கி வழி அலெவி மரபினரின் வழிபாட்டுக் கூடம் ஆகியவற்றோடு ஞானலிங்கேச்சுரர் கோவிலையும் கொண்டிருக்கிறது. ஈழத்தமிழர் நடத்தும் கோவில், வழிபாடு தமிழில். கட்டடம் திறந்திருக்கும் நேரமும் பூசை நேரமும் வேறு வேறு, பார்த்துவிட்டுப் போங்கள். அங்கிருந்து 8ஆம் எண் டிராமிலேயே தொடர்ந்தால், டேனியல் லிபெஸ்கிண்ட் வடிவமைத்த வெஸ்ட்சைட் வணிக வளாகம்.

குறைகளும் உண்டு. ரயில் நிலையத்தின் முன்னே பஸ், டிராம் நிறுத்தங்கள் ஒவ்வொன்றுக்கும் ஓர் எழுத்து. ஒரே எண்ணின் இரு திசைகளும் வெவ்வேறு எழுத்தில் நிற்கும். நிலைய விரிவாக்கப் பணிகள் நடப்பதால் நடைவழிகளும் மாறுகின்றன. சுவிஸ் ரயில்வேயின் எஸ்.பி.பி. (SBB) மொபைல் செயலியில் தேடினால் எழுத்தோடு சேர்த்துக் காட்டும், அதையே நம்புங்கள். நவம்பர் நான்காவது திங்கட்கிழமை வெங்காயச் சந்தை அன்று பழைய நகர வண்டிகள் வேறு பாதையில் ஓடும், அன்று நடைதான். வலய எல்லையும் கவனிக்க வேண்டியது: 6ஆம் எண் டிராம் வோர்ப் வரை போகும், ஆனால் அந்த ஊர் 100, 101க்கு வெளியே. தானியங்கித் தடுப்புக் கதவு எங்கும் இல்லை என்பதால் யாரும் நிறுத்தமாட்டார்கள். பரிசோதகர் வந்தால் அபராதம் சுமார் 100 பிராங்க்.

சூரிச்சிலிருந்து ஒரு நாள் மட்டும் வருகிறவர்களுக்கு பேர்ன் டிக்கெட் கிடையாது. சுவிஸ் டிராவல் பாஸ் வைத்திருந்தால் நகர பஸ்ஸுக்கும் டிராமுக்கும் அதுவே போதும். இல்லையேல் இயந்திரத்தில் 100, 101 வலயங்களுக்கான நாள் சீட்டு எடுங்கள், மறுநாள் காலை 5 மணி வரை செல்லும். ரோஜாத் தோட்டத்துக்கு ஏறிப் போய், கரடிப் பூங்காவிலிருந்து நடந்து திரும்புவதுதான் திட்டம் என்றால் நாள் சீட்டு வீண், ஒரு மணி நேரச் சீட்டே போதும். 6 வயதுக்குக் குறைந்த குழந்தைக்குச் சீட்டு வேண்டாம், 16 வரை அரைக் கட்டணம்.