மெக்னீசியம் கார்ட்ரிட்ஜ் பொருத்திய ஆர்ஓ: சில ஆண்டுகள் குடித்துப் பார்த்தபின்

ஆர்ஓ தண்ணீர் சுத்திகரிப்பானின் சவ்வு உப்போடு சேர்த்து மெக்னீசியத்தையும் 90 சதவீதத்துக்கு மேல் வடித்துவிடும். அதை ஈடுகட்டத்தான் கடைசிக் கட்டமாக இந்தக் கார்ட்ரிட்ஜ். ‘இதயத்துக்கு நல்லது, சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்கும்’ என்று பெட்டியிலேயே அச்சிட்டிருந்தது.

சுவை நிஜமாகவே மாறியது. அந்தச் சப்பென்ற தன்மை போயே போச்சு. இரவெல்லாம் உள்ளே தேங்கிய தண்ணீர் மட்டும் காலையில் வேறு மாதிரி இருக்கும். கார்ட்ரிட்ஜில் உள்ள மெக்னீசியம் ஆக்சைடு பிஎச் அளவை, அதாவது காரத்தன்மையை, ஏற்றிவிடுவதால் லேசான சோப்புச் சுவை வருகிறது. முதல் தம்ளர் பாத்திரம் கழுவப் போகிறது.

பொருத்த வந்தவர் தண்ணீரில் கரைந்திருப்பவற்றின் மொத்த அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டரை நீட்டி, எண் ஏறியிருப்பதைக் காட்டினார். அது மின்கடத்தும் திறனை வைத்துச் சொல்லும் கணக்கு. ஏறியது சோடியமா மெக்னீசியமா என்று அதற்குத் தெரியாது. தண்ணீரின் கடினத்தன்மையைப் பார்க்கும் சொட்டுக் கிட் வாங்கிக்கொள்ளுங்கள். மொத்தக் கடினத்தன்மையிலிருந்து கால்சியம் கடினத்தன்மையைக் கழித்து (இரண்டும் லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் கால்சியம் கார்பனேட் என்ற கணக்கில்), மீதியை 0.243 ஆல் பெருக்கினால் லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் மெக்னீசியம் என்று வந்துவிடும். புதுக் கார்ட்ரிட்ஜில் எனக்கு 20 வாக்கில் வந்தது. மாற்றச் சொன்ன தேதிக்கு வெகுமுன்பே அது பாதிக்கும் கீழே இறங்கிவிடுகிறது. என் பெரிய குறை இதுதான்.

சரி, 20 என்றே வைத்துக்கொள்வோம். 2 லிட்டர் குடித்தால் 40 மில்லிகிராம். வளர்ந்த ஆணுக்கு ஒரு நாளைக்குத் தேவை சுமார் 400, பெண்ணுக்கு 310 முதல் 320 வரை. ஆக, பத்தில் ஒரு பங்குதான் தண்ணீரிலிருந்து. மீதி கீரை, பருப்பு, கொட்டை வகைகளிலிருந்துதான் வரவேண்டும். அவற்றை ஒழுங்காகச் சாப்பிடாதவருக்கு இந்த 40 ஓரளவு பொருட்டு. மற்றவருக்கு அவ்வளவாக இல்லை.

அதற்காகப் பெட்டியில் இருந்தது முழுப் புளுகும் அல்ல. 300க்கும் மேற்பட்ட நொதிகளுக்கு மெக்னீசியம் வேண்டும். இன்சுலினின் சைகை செல்லுக்குள் போய்ச் சேரவும் அது வேண்டும். மிகவும் குறைந்தால் இதயத் துடிப்பே தாளம் தப்பும். ஆற்று நீரின் தன்மைக்கும் பக்கவாத மரணங்களுக்கும் தொடர்பு இருப்பதாக ஜப்பானில் கோபயாஷி என்ற ஆய்வாளர் 1957இல் எழுதினார். பிறகு வந்த பல ஆய்வுகளில் மெக்னீசியம் கூடிய தண்ணீர் உள்ள ஊர்களில் இதய நோய் மரணம் குறைவாகத் தெரிந்தது. ஆனால் இவை பெரும்பாலும் ஊரோடு ஊரை ஒப்பிட்டவை. அந்த ஊர்க்காரர்களின் சாப்பாடும் வசதியும் வேறாக இருந்திருக்கலாமே!

என் ரத்த அழுத்தம் இந்தக் காலத்தில் கொஞ்சம் இறங்கியது உண்மை. கூடவே நடைப்பயிற்சியும் தொடங்கினேன், உப்பையும் குறைத்தேன். தண்ணீருக்கு நான் மதிப்பெண் போடமாட்டேன். மெக்னீசியத்துக்கு ரத்தப் பரிசோதனை செய்தாலும் பெரிதாகத் தெளிவு கிடைக்காது. உடலில் இருப்பதில் 1 சதவீதத்துக்கும் குறைவுதான் ரத்தத்தில் ஓடுகிறது.

சுவைக்காகத் தொடர்ந்து வாங்குகிறேன். வயிற்றில் அமிலச் சுரப்பைக் குறைக்கும் மாத்திரையோ சிறுநீர் பெருக்கும் மாத்திரையோ நெடுநாள் எடுப்பவர்களுக்கு மெக்னீசியம் குறைய வாய்ப்புண்டு. அவர்கள் கார்ட்ரிட்ஜை நம்பி இருக்காமல் மருத்துவரிடம் பேசுவது நல்லது. சிறுநீரகம் பழுதானவர்கள் பொருத்தும் முன்பே கேட்டுவிட வேண்டும். மிகுதியாகச் சேரும் மெக்னீசியத்தை அவர்கள் உடல் எளிதில் வெளியேற்றாது.