மூன்று வருடம் பயன்படுத்திய ஸ்ட்ரா பாட்டில்: எல்லாம் சரி, அந்த வாஷரைத் தவிர

நான் தினமும் கொண்டுபோகும் எவர்சில்வர் பாட்டிலை வாங்கலாமா என்று தோழி கேட்டாள். போன வாரம்தான் அதற்குப் புது வாஷர் மாற்றினேன். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

பாட்டிலைக் குறை சொல்ல மாட்டேன். எத்தனையோ முறை கீழே விழுந்து நசுங்கியிருக்கிறது. ஆனாலும் காலையில் ஊற்றிய குளிர்ந்த நீர் மாலை வரை குளிர்ச்சியாகவே இருக்கிறது.

பிரச்சினை மூடியில். வாங்கி ஆறு மாதத்தில் தண்ணீரில் ஒரு மக்கல் வாடை. உள்ளே எவ்வளவு தேய்த்தும் போகவில்லை. ஒருநாள் பல்குத்தும் குச்சியால் மூடியின் சிலிகான் வாஷரை நெம்பி எடுத்தேன். அடியில் வழுவழுவென்று ஒரு படலம், பள்ளம் முழுக்கக் கரும்புள்ளிகள். என் மகளும் அதில்தான் குடித்துக்கொண்டிருந்தாள். வாஷர் கழன்று வரும் என்று கூட வந்த தாளில் ஒரு வரி இல்லை. அதை மன்னிக்க முடியவில்லை.

ஈரமும் இருட்டும் உள்ள இடுக்கில் கிருமிகள் ஒட்டிக்கொண்டு, தங்களைச் சுற்றிப் பசை போன்ற படலத்தை உண்டாக்கிக்கொள்ளும். வெறும் தண்ணீரில் அலசினால் அது அசையாது, சோப்புப் போட்டுத் தேய்க்க வேண்டும். அதனால் இப்போது தினமும் இரவில் மூடி, வாஷர், ஸ்ட்ரா மூன்றையும் தனித்தனியே கழற்றுகிறேன். ஸ்ட்ராவுக்கு மெல்லிய பிரஷ், பள்ளத்துக்குப் பழைய பல் பிரஷ். அப்புறம் காலை வரை பிரித்தபடியே காய வேண்டும். ஈரத்தோடு மூடி வைத்தால் கழுவியதே வீண்.

ப்ளீச் ஊற்றலாமே என்று எனக்கும் தோன்றியது. வேண்டாம், ப்ளீச்சில் உள்ள குளோரின் எவர்சில்வரை அரித்துப் புள்ளி விழவைக்கும். அதோடு வினிகரையும் சேர்த்தால் நச்சு வாயுவே வெளிவரும், எந்தப் பொருளைக் கழுவும்போதும் இந்த இரண்டையும் கலக்கவே கூடாது. வாடைக்குச் சமையல் சோடா கலந்த வெந்நீரில் ஊறவைத்தால் போதும். சிலிகானுக்குள் இறங்கிவிட்ட கருப்பு மட்டும் எதற்கும் போகவில்லை, வாஷரைத்தான் மாற்ற வேண்டியிருந்தது.

தோழியிடம் வாங்காதே என்றேன். ஸ்ட்ரா இல்லாத, திருகு மூடி போட்ட, கை உள்ளே போகிற அகல வாய் பாட்டிலாகப் பார்க்கச் சொன்னேன். மகளுக்கு அப்படி ஒன்று வாங்கிவிட்டேன். என்னுடையதை மட்டும் விட மனம் வரவில்லை. இப்போதும் மூடி மூன்று துண்டாக ஜன்னலோரம் காய்ந்துகொண்டிருக்கிறது.